ஹோட்டல் கலிஃபோர்னியா: நாலாவது கார்டு ஈ மேஜரா, ஈ மைனரா?

கேள்வி (ஜூன் 3, இரவு 10.40)

"அண்ணா, அமெரிக்க ராக் குழு ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' பாட்டுக்கு நெட்டில் எதையும் பார்க்காமல் காதால் கேட்டே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எழுதப் பார்க்கிறேன். பி மைனர், எஃப் ஷார்ப், ஏ, ஈ மைனர், ஜி, டி, ஈ மைனர், எஃப் ஷார்ப். எட்டும் வந்துவிட்டது, ஆனால் நாலாவது ஒட்டவில்லை. ஒரு ஆப்பில் போட்டுப் பார்த்தேன், அந்த இடத்தில் ஈ மேஜர் காட்டுகிறது. பி மைனர் ஸ்கேலில் ஈ மைனர்தானே வரும்? கர்நாடக சங்கீதம் படித்த என் நண்பன் 'இது நடபைரவி, சதுஸ்ருதி தைவதத்துக்கு இங்கே வேலையே இல்லை' என்று அடித்துச் சொல்கிறான் (நடபைரவி பி மைனர் ஸ்கேலுக்கு ஈடான ராகம், அந்தத் தைவதம் ஈ மேஜரில் வரும் ஜி ஷார்ப்). எது சரி?"

ஜூன் 3, இரவு 11.15

ஈ மேஜர். ஆனால் ஆப் சொன்னது என்றோ நான் சொன்னேன் என்றோ எழுதிவிடாதீர்கள் தம்பி. கிட்டாரை எடுத்துப் பாருங்கள்.

ஈ மைனருக்கும் ஈ மேஜருக்கும் கையில் ஒரே ஒரு விரல்தான் வித்தியாசம். மூன்றாவது கம்பி திறந்திருந்தால் ஜி, அது மைனர். அதே கம்பியை முதல் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உலோகக் கோடுகளால் பிரித்த முதல் இடம்) அழுத்தினால் ஜி ஷார்ப், அது மேஜர். பாட்டை ஓட விடுங்கள். கார்டு பிடிக்காதீர்கள். மூன்றாவது கம்பியை மட்டும் தட்டுங்கள். நாலாவது கட்டம் (நாலாவது கார்டு ஒலிக்கும் இடம்) வரும்போது ஒரு சுற்றில் திறந்த கம்பி, அடுத்த சுற்றில் முதல் ஃப்ரெட். ஒன்று பாட்டோடு உரசும், மற்றது உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது, எட்டாவது கட்டங்களுக்கும் அதே கம்பிதான். எஃப் ஷார்ப்பை இரண்டாம் ஃப்ரெட்டில் விரல் முழுக்கப் படுக்கவைத்துப் பிடிக்கிறோம். மூன்றாவது கம்பி இரண்டாம் ஃப்ரெட்டிலேயே இருந்தால் மைனர், மூன்றாம் ஃப்ரெட்டுக்கு ஏறினால் மேஜர். நீங்கள் அதை மேஜர் என்று சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். அப்படியென்றால் காது வேலை செய்கிறது. நாலாவது இடத்தில் ஸ்கேல் பாடம் குறுக்கே வந்து காதை அடக்கியிருக்கிறது.

ஜூன் 4, காலை

இன்னொன்று. இந்தப் பாட்டிலேயே உங்களுக்குப் பயிற்சி வைத்திருக்கிறார்கள். நாலாவது கட்டமும் ஏழாவது கட்டமும் ஒரே ரூட் (கார்டுக்குப் பெயர் தரும் அடிச்சுரம்), இரண்டுமே ஈ. நாலாவது மேஜர், ஏழாவது மைனர். ஒரு கட்டம் மூன்று விநாடிக்குச் சற்று மேல்தான். அதாவது பத்து விநாடி இடைவெளியில் ஒரே ரூட்டை இரண்டு நிறத்திலும் கேட்கலாம். மேஜர் மைனர் பிரித்துக் கேட்கப் பழகுகிறவர்களுக்கு இதைவிட வசதியான பாட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

குரல் தொந்தரவு செய்தால் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள். பாட்டு மொத்தம் ஆறரை நிமிடம். அதில் கடைசி இரண்டு நிமிடம் பாடகர் இல்லை, குழுவின் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் கிட்டாரில் மாறி மாறிப் பேசுகிறார்கள். அடியில் ஓடுவது சரணத்தின் அதே எட்டுக் கார்டுகள். முடிவில் இரண்டு கிட்டாரும் சேர்ந்து இறங்கி இறங்கி வாசிப்பது வேறொன்றும் இல்லை, அந்தந்தக் கட்டத்தின் கார்டைச் சுரம் சுரமாகப் பிரித்துப் போடுகிறார்கள். நாலாவது கட்டத்தில் ஜி ஷார்ப் தனியாக, பளிச்சென்று வரும்.

ஜூன் 4, மதியம்

"மேஜரா மைனரா என்பது இருக்கட்டும், முதலில் ரூட் ஈ என்றே எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் நான் இந்த விஷயத்தில் சொல்ல நினைப்பதே இதுதான்.

நம் காது பாடகரைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த காது. தாலாட்டிலிருந்து சினிமாப் பாட்டு வரை நமக்குப் பாட்டு என்றால் மேலே போகும் மெட்டு. யாரிடம் வேண்டுமானாலும் ஒரு பாட்டைப் பாடச் சொல்லுங்கள், மெட்டு சுத்தமாக வரும். அதே பாட்டின் பேஸ் கிட்டாரை (அடியில் ஆழமாக ஒலிக்கும் கிட்டார்) பாடச் சொன்னால் விழிப்பார்கள். கார்டு கண்டுபிடிக்க உட்காரும்போதும் அதே பழக்கம்: பாடகர் எந்தச் சுரத்தில் நிற்கிறாரோ அந்தச் சுரம் உள்ள கார்டாகப் போட்டுப் பார்க்கிறோம். ஒரு சுரம் குறைந்தது மூன்று மேஜரிலும் மூன்று மைனரிலும் இருக்கும். பி என்ற சுரத்தை எடுத்தால் பி மேஜர், ஜி மேஜர், ஈ மேஜர், பி மைனர், ஜி ஷார்ப் மைனர், ஈ மைனர் என்று ஆறு வீட்டில் அதற்கு இடம் உண்டு. மெட்டை வைத்து எந்த வீடு என்று எப்படிச் சொல்வது?

கீழே கேளுங்கள். பேஸ் கிட்டார் ஒவ்வொரு கட்டத்தின் முதல் தட்டில் என்ன வாசிக்கிறது என்று மட்டும். அதை வாயால் முனகுங்கள். முனக வந்த பிறகுதான் கிட்டாரைத் தொட வேண்டும். ஐந்தாம், ஆறாம் கம்பிகளில் அந்தச் சுரத்தைத் தேடுங்கள். எட்டுக் கட்டத்துக்கு எட்டுச் சுரம் எழுதியாகிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

பாளையங்கோட்டையில் நான் சர்ச் கொயரில் வாசித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த மாஸ்டர் கிட்டாரையே கையில் கொடுக்கமாட்டார். டேப்பைப் போட்டுவிட்டு, "அடிக்குரலைப் பாடுலே" என்பார். சோப்ரானோ (பெண்களின் உச்சக் குரல்) மெட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போது அதைக் கேட்காமல் பேஸ் வரிசையில் நிற்கும் ஆண்களை மட்டும் கேட்கச் சொல்வார். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு ஒருநாள் எந்தப் பாட்டைக் கேட்டாலும் தானாகவே காது கீழே போக ஆரம்பித்தது. அதன் பிறகு மேலே மட்டும் கேட்பதென்பது எனக்கு முடியாமலே போய்விட்டது.

ஜூன் 4, இரவு

போன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு "பேஸ் எங்கே அண்ணா, கேட்கவே இல்லை" என்கிறீர்கள். கேட்காது. பேஸ் கிட்டாரின் கீழ்க் கம்பி 41 ஹெர்ட்ஸ், அடுத்தது 55, பிறகு 73, 98. கைப்பேசியின் ஸ்பீக்கர் அந்த ஆழத்தைத் தொடவே தொடாது. காதுக்கு வந்து சேர்வது மேல் அதிர்வுகளின் நிழல்தான். நல்ல இயர்போன் போடுங்கள்.

அப்போதும் தெளிவில்லையா? கணினியில் ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் பாட்டைத் திறந்து சுருதியும் சேர்ந்து ஏறுகிற மாதிரி வேகத்தை இரண்டு மடங்காக்குங்கள். பேஸ் ஒரு ஸ்தாயி (ச-விலிருந்து மேல் ச வரை) மேலே ஏறி, சாதாரணக் கிட்டாரின் உயரத்துக்கு வந்துவிடும். பாடகர் குருவி மாதிரி கீச்சிடுவார், அவரை விட்டுவிடுங்கள். கண்டுபிடித்த சுரத்தின் பெயர் மாறாது, ஸ்தாயி மட்டும் வேறு.

யூடியூபில் வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி மாறாமல் மெதுவாகும். வேகமான லீட் வாசிப்பைப் பிடிக்க அது உதவும். பேஸுக்கு எனக்கு அது ஒத்துவரவில்லை, ஒலி குழகுழவென்று ஆகிவிடுகிறது.

ஜூன் 5

சரி, எட்டையும் எழுதுவோம். ரூட்டுகள்: பி, எஃப் ஷார்ப், ஏ, ஈ, ஜி, டி, ஈ, எஃப் ஷார்ப். நண்பருக்காகச் சுரத்திலும் எழுதுகிறேன். பி-யை ச என்று வைத்தால் (ஏழு கட்டை) ச ப நி ம த க ம ப. நிஷாதம் கைசிகி, தைவதம் சுத்தம், காந்தாரம் சாதாரணம், மத்யமம் சுத்தம்.

இதை இரண்டிரண்டாகப் பிரித்து ஒருமுறை பாடிப் பாருங்கள். ச-ப. நி-ம. த-க. ஒவ்வொரு ஜோடியின் முதல் சுரம் ச, நி, த என்று படியிறங்குகிறது. ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் இரண்டாவது சுரம், முதல் சுரத்தையும் சேர்த்து எண்ணினால் நாலாவது சுரமாகக் கீழே விழுகிறது. மூன்று ஜோடி முடிந்ததும் ம-ப என்று ஏறி மறுபடி ச-வுக்கு வாசல் திறக்கிறது. இந்தப் பாட்டின் இசை ஃபெல்டருடையது. மாலிபு கடற்கரையில் வாடகை வீட்டில் இருந்தபோது பன்னிரண்டு கம்பிக் கிட்டாரில் இதைப் போட்டார். ரெக்கே சாயல் இருந்ததால் பாடல் வரி எழுதும்வரை குழுவுக்குள் இதன் பெயர் 'மெக்சிகன் ரெக்கே'. 1976 டிசம்பரில் ஆல்பம் வந்தது.

எட்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஒரு அச்சு கிடைத்துவிட்டால் அடுத்த ஜோடி எங்கே விழும் என்று காது முன்கூட்டியே போய் நின்றுவிடும்.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

"தியரி எல்லாம் வேண்டாம், வாசிக்க வாசிக்க வரும்" என்று ஒருவர். வரும்தான். எனக்கு வந்த வழியும் அதுவே. ஆனால் தம்பி கேட்டது ஏன் ஒட்டவில்லை என்று. ஏன் என்று கேட்டவருக்கு ஏன் என்று சொல்லத்தானே வேண்டும்.

ஜூன் 7

நண்பரின் நடபைரவி வாதத்துக்கு வருகிறேன். அதை ஒதுக்கிவிட மாட்டேன், பாதி உண்மை அதில் இருக்கிறது. மேலே எழுதிய பேஸ் சுரங்களைப் பாருங்கள்: ச க ம ப த நி. ஒன்றுகூட நடபைரவியைத் தாண்டவில்லை. அடித்தளம் முழுக்க அவர் சொல்லும் ராகம்தான்.

தாண்டுவது கார்டின் நடுச்சுரம். எஃப் ஷார்ப் மேஜரில் ஏ ஷார்ப் வருகிறது, அது காகலி நிஷாதம், கைசிகிக்கு அரைச் சுரம் மேலே. பி மைனரோடு அது சேர்ந்தால் கீரவாணி ராகத்தின் வாசனை. அடுத்த கட்டமே ஏ மேஜர், நிஷாதம் கைசிகிக்குத் திரும்பிவிட்டது. அதற்கடுத்து ஈ மேஜர், அதில் ஜி ஷார்ப், சதுஸ்ருதி தைவதம், சுத்தத்துக்கு அரைச் சுரம் மேலே. இப்போது கரகரப்ரியா ராகத்தின் வீதியில் நிற்கிறோம். உடனே ஜி மேஜர், தைவதம் சுத்தத்துக்கு இறங்கிவிட்டது. நாலைந்து கட்டத்துக்குள் இரண்டு நிஷாதம், இரண்டு தைவதம். கச்சேரியில் ஒரு ராகத்துக்குள் இப்படிச் செய்தால் தலையில் குட்டு விழும். இங்கே அந்த மாற்றமே பாட்டின் உயிர். அந்த ஜி ஷார்ப்பிலிருந்து ஜி-க்கு இறங்கும் அரைச் சுரம், மேலே ஏ ஷார்ப்பிலிருந்து ஏ-க்கு இறங்கியதன் தொடர்ச்சி. ஏ ஷார்ப், ஏ, ஜி ஷார்ப், ஜி: இரண்டாவது கட்டத்திலிருந்து ஐந்தாவது கட்டம் வரை இந்த நாலு சுரத்தையும் கட்டத்துக்கு ஒன்றாக, மேலே ஒரே கம்பியில் இறக்கி வாசித்துப் பாருங்கள். அந்தந்தக் கட்டத்தின் கார்டிலேயே அந்தந்தச் சுரம் இருக்கிறது. நாலாவதில் ஈ மைனர் போட்டால் அறுபடுவது அந்தச் சங்கிலி. உங்கள் காதுக்கு ஒட்டவில்லை என்று தோன்றியதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆக, ராகம் தெரிந்தவர்களுக்கு என் யோசனை: ராகத்தை வைத்து முதல் கணிப்பு போடுங்கள், அது பெரிய வசதி. கல்யாணி என்று தெரிந்தால் ச-வுக்கு அடுத்த ரி-யில் மேஜர் வரும் என்று எதிர்பார்க்கலாம். ஹரிகாம்போதி என்றால் நி-யில் மேஜர். கீரவாணி என்றால் ப-வில் மேஜர். கரகரப்ரியா என்றால் ம-வில் மேஜர். ஆனால் மேற்கத்தியப் பாட்டிலும் நம் சினிமாப் பாட்டிலும் துணைக்கு வரும் கார்டு ராகத்தின் வேலிக்குள்ளேயே மேய வேண்டும் என்று சட்டம் இல்லை.

ஜூன் 8

வேலி பற்றிப் பேசியதும் ஒரு அக்கா ஹிந்தோளத்தைக் கொண்டுவந்துவிட்டார்: "ஹிந்தோளத்தில் அமைந்த பாட்டுக்குக் கார்டு தேடினால் ச-வில் எதுவுமே உட்காரவில்லையே?"

அருமையான கேள்வி. ஹிந்தோளத்தில் ச, க, ம, த, நி. பஞ்சமம் கிடையாது. ச-வில் மைனர் கார்டு கட்ட ச, க, ப மூன்றும் வேண்டும். ராகத்திலேயே ப இல்லாதபோது ச-வுக்கு முழுக் கார்டு கிடைக்காது. ராகத்துக்குள் கிடைப்பவை இரண்டே: த-வில் மேஜர் (த, ச, க), ம-வில் மைனர் (ம, த, ச). இரண்டிலும் ச இருக்கிறது, ஆனால் ரூட்டாக இல்லை. அதனால்தான் கிட்டார்க்காரர்கள் பலர் ஹிந்தோளப் பாட்டைக் கேட்டுவிட்டு வேறொரு சுரத்தை ஸ்கேல் என்று எழுதிவிடுகிறார்கள். சி-யில் பாடினால் ஏ ஃபிளாட் மேஜர் என்றோ எஃப் மைனர் என்றோ எழுதுவார்கள். காதை அப்படியே அந்த த-வில் உட்காரவைத்தால் கேட்பது மோகனம். வேறொரு சுரத்தை ச-வாக வைத்தால் ராகமே மாறும் இதற்குப் பெயர் கிரகபேதம்.

துணைக்கு வாசிக்கிறவர் பஞ்சமத்தை வெளியிலிருந்து கடன் வாங்கி ச-வில் மைனர் பிடிக்கலாம். அல்லது ச-வையும் க-வையும் மட்டும் ஒலிக்கவிட்டு ப-வை விட்டுவிடலாம். எனக்கு இரண்டாவது பிடிக்கும், பாடுகிறவரின் ராகத்தை அது தொந்தரவு செய்வதில்லை. பாட்டில் இசையமைப்பாளர் எதைச் செய்திருக்கிறார் என்பதற்கு மறுபடி பேஸைத்தான் கேட்க வேண்டும்.

மோகனத்திலும் இதே மாதிரி இரண்டுதான்: ச-வில் மேஜர், த-வில் மைனர். மூன்றாவது கார்டு காதில் விழுந்தால் அது வெளியிலிருந்து வந்தது.

ஜூன் 12

பேஸ் பேஸ் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அதற்கு ஒரு எல்லை போட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பாட்டிலேயே திட்டுவீர்கள்.

பேஸில் கேட்கும் சுரம் எப்போதும் ரூட் ஆகிவிடாது. சி, ஜி, ஏ மைனர் என்று போகும் பாட்டில் பேஸ் கிட்டார் சி, பி, ஏ என்று இறங்கலாம். நடுவில் நீங்கள் கேட்ட பி-க்காக பி மைனர் போட்டால் ஒட்டாது. அது ஜி கார்டு, அதன் நடுச்சுரத்தைப் பேஸ் எடுத்துக்கொண்டிருக்கிறது. பேஸ் படிப்படியாக இறங்கினாலோ ஏறினாலோ சந்தேகப்படுங்கள். தாவினால் பெரும்பாலும் ரூட்.

இளையராஜா பாட்டுகளில் இது இன்னும் கூடுதல். இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷ் குழுவில் கிட்டார் வாசித்தவர், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர். அவர் பாட்டில் பேஸ் கிட்டார் ரூட்டைத் தட்டிக்கொண்டு மூலையில் நிற்காது, தனக்கென்று ஒரு மெட்டு பாடும். அங்கே எல்லா பேஸ் சுரத்துக்கும் கார்டு மாற்றினால் கை உடைந்துவிடும். முதல் தட்டையும் மூன்றாம் தட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள். அதுவும் போதாத இடத்தில் வயலின்கள் என்ன பிடித்து நிற்கின்றன என்று கேளுங்கள்.

இன்னொரு சிக்கல்: ஏ மைனர் 7-இல் இருப்பது ஏ, சி, ஈ, ஜி. சி 6-இல் இருப்பது சி, ஈ, ஜி, ஏ. அதே நாலு சுரம். பெயரைத் தீர்மானிப்பது அடியில் யார் இருக்கிறார் என்பது மட்டுமே. கார்டு காட்டும் ஆப்கள் தடுமாறுவதும் இந்த மாதிரி இடங்களில்தான். பல ஆப்கள் ஒலியை எல்லா ஸ்தாயிகளையும் மடித்துப் பன்னிரண்டு சுரத்துக்குள் போட்டுவிட்டுத்தான் பொருத்தம் பார்க்கின்றன. மடித்த பிறகு எது அடியில் இருந்தது என்ற தகவல் மங்கிவிடும். பாடகரின் கமகமும் (சுரத்தை அசைத்துப் பாடுவது) அதற்குள் விழும்.

ஜூன் 13

"பழைய பாட்டு எதை எடுத்தாலும் என் கிட்டாரோடு சேரவில்லை, இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் நிற்கிறது" என்கிறவருக்கு:

கிட்டாரைச் சந்தேகப்படாதீர்கள். கேசட்டில் பேட்டரி தளர்ந்தால் சுருதி இறங்கும். நாங்கள் வாக்மேனில் கேட்டுப் படித்தபோது முதல் வேலையே டேப்புக்குக் கிட்டாரைச் சுருதி சேர்ப்பதுதான், பேட்டரி மாற்றினால் மறுபடி சேர்க்க வேண்டும். ஆனால் இன்று டிஜிட்டலில் கேட்கிறவர்களுக்கும் இந்தத் தொல்லை வருகிறதே, அதற்கு ஒரு சுவாரசியமான காரணம் உண்டு. சினிமா பிலிம் விநாடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் டிவி விநாடிக்கு 25. படத்தை அப்படியே 25-இல் ஓட்டி டிவிக்கோ டிவிடிக்கோ மாற்றினால் எல்லாமே சுமார் 4 சதவீதம் வேகமாகும். சுருதியும் கூடவே ஏறும். அரைச் சுரம் என்பது சுமார் 6 சதவீதம். ஆக 4 சதவீதம் ஏறினால் முக்கால் அரைச்சுரம் மாதிரி, எந்த ஃப்ரெட்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் போய் நிற்கும். அந்த வீடியோவிலிருந்து எடுத்து ஏற்றிய பாட்டைத்தான் நீங்கள் யூடியூபில் கேட்கிறீர்களோ என்னவோ. இசைத்தட்டிலிருந்தோ ஆல்பத்திலிருந்தோ வந்த ஒலியைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மென்பொருளில் வேகத்தை 4 சதவீதம் குறைத்துப் பாருங்கள், சட்டென்று கட்டைக்குள் வந்து உட்காரும்.

அதுவும் இல்லையென்றால் கிட்டாரைப் பாட்டுக்குச் சேருங்கள். ட்யூனர் சொல்வதை மறந்துவிட்டு முதல் கம்பியில் பாட்டின் ச-வுக்கு மிக நெருங்கிய ஃப்ரெட்டை எடுத்து, அது ச-வோடு சேரும்படி கம்பியைப் பொருத்தி, மற்றதை அதிலிருந்து கட்டுங்கள்.

ஜூன் 19

எஃப் ஷார்ப்பா, எஃப் ஷார்ப் 7-ஆ என்று கீழே ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு பேரும் நிறுத்துங்கள். அச்சிட்ட புத்தகங்களில் 7 போட்டிருப்பவையும் உண்டு. கூடுதலாக வரும் அந்தச் சுரம் ஈ. அது அடுத்து வரும் ஏ மேஜரிலும் இருக்கிறது, எட்டாவது கட்டத்தில் என்றால் முன்னால் போன ஈ மைனரிலேயே இருக்கிறது. எனவே காதில் மிதந்துகொண்டே இருக்கும், போட்டாலும் விட்டாலும் உரசாது. நான் சரணத்தில் 7 போட்டு வாசிக்கிறேன், எட்டாவதில் அந்த இழுப்பு எனக்கு வேண்டும்.

எந்தக் கார்டு என்று நிச்சயமாகத் தீராத இடங்களும் உண்டு என்பதற்குப் பெரிய உதாரணம் பீட்டில்ஸின் 'எ ஹார்ட் டேஸ் நைட்' தொடங்கும் அந்த ஒற்றை அடி. 1964-இல் பதிவானது. எஃப் கார்டின் மேல் ஜி என்று ஜார்ஜ் ஹாரிசனே 2001-இல் சொன்னார், அதுவும் பன்னிரண்டு கம்பிக் கிட்டாரில் அவர் வாசித்தது மட்டும். அடியில் பால் மெக்கார்ட்னியின் பேஸ், லெனனின் கிட்டார், மேலே ஜார்ஜ் மார்ட்டினின் பியானோ. கனடாவில் ஜேசன் பிரவுன் என்ற கணிதப் பேராசிரியர் ஃபூரியே பகுப்பாய்வு (ஒலியைத் தனித்தனி அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணித முறை) வரை போய்த்தான் அதில் பியானோவும் இருக்கிறது என்று வாதிட்டார். ஒரே நேரத்தில் நாலு பேர் தட்டியதை ஒரு கிட்டாரில் பிடிக்கவே முடியாது என்பதால்தான் வீட்டில் வாசிப்பவர்களுக்கு அது வருஷக்கணக்கில் சரியாக வரவில்லை. உங்கள் காது கேட்பதும் உங்கள் கை பிடிப்பதும் பொருந்தாதபோது, அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட வாத்தியம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜூன் 27

கேள்வி கேட்ட தம்பி நேற்று எழுதியிருக்கிறார்: ஜி ஷார்ப் கேட்டுவிட்டதாம், இப்போது அது கேட்காமல் இருக்க முடியவில்லையாம். நண்பரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, "தைவதம் மாறுகிறது, ஆமாம்" என்று சொல்லிவிட்டாராம். எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

பல்லவிக்கு அவர் எழுதி அனுப்பியது: ஜி, டி, எஃப் ஷார்ப், பி மைனர், ஜி, டி, ஈ மைனர், எஃப் ஷார்ப். சரி. ஈ மேஜர் பல்லவியில் இல்லை என்பதையும் அவரே கவனித்திருக்கிறார். சரணம் பி மைனரில் தொடங்க, பல்லவி ஜி-யில் திறக்கிறது, அந்த இடத்தில் வெளிச்சம் மாறுவது அதனால்தான்.

ஜூன் 28

கடைசியாக வந்த கேள்வி: பதிவில் கேட்கும் அந்தத் தொடக்கக் கிட்டார் மினுமினுப்பு, 'பேரே'யாக (ஒரு விரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்கவைத்து) பிடித்தால் வரவில்லையே?

கேப்போவை (எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்தும் கவ்வி) ஏழாம் ஃப்ரெட்டில் போடுங்கள். ஈ மைனர், பி 7, டி, ஏ, சி, ஜி, ஏ மைனர், பி 7 என்று திறந்த கார்டுகளாகவே பிடித்தால் போதும், ஒலி பி மைனரில் வரும். ஃபெல்டர் முதலில் ஈ மைனரில்தான் செய்து வைத்திருந்தார். பாடகர் டான் ஹென்லிக்கு அந்தச் சுருதி மிக உயரமாக இருந்ததால் பி மைனருக்கு இறக்கினார்கள். அதே திறந்த கார்டுகளை விடாமல் இருக்கத்தான் கேப்போ ஏழு. நாம் இவ்வளவு நேரம் பேசிய மேஜர் மைனர் சோதனை அங்கே இரண்டாவது கம்பிக்குப் போய்விடும்: நாலாவது கட்டத்தில் ஏ மேஜர் வடிவம், கேப்போவிலிருந்து எண்ணி இரண்டாம் ஃப்ரெட். ஏழாவது கட்டத்தில் ஏ மைனர் வடிவம், முதல் ஃப்ரெட்.

பன்னிரண்டு கம்பி இல்லாவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து வாசியுங்கள். ஒருவர் கேப்போ ஏழில் கம்பி கம்பியாகப் பிரித்து, மற்றவர் கேப்போ இல்லாமல் இரண்டாம் ஃப்ரெட்டில் பி மைனர் தொடங்கி மெதுவாக ஸ்ட்ரம்மிங். பாடுகிறவருக்கு ஏழு கட்டை எட்டவில்லை என்றால் முதல் ஆள் கேப்போவை ஐந்துக்கு நகர்த்தட்டும், அது ஏ மைனர், ஆறு கட்டை. மற்றவர் ஏ மைனர், ஈ, ஜி, டி, எஃப், சி, டி மைனர், ஈ என்று திறந்த கார்டுகளிலேயே ஓட்டிவிடலாம், எஃப் ஒன்றுதான் விரலைப் படுக்கவைக்கக் கேட்கும்.